பெஞ்சில் ஐந்தா, ஆறா, ஏழா? ரக்பி டெஸ்டுக்கு 23 பேரை எடுக்கும் கணக்கு

ரக்பி டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) ஒன்றுக்கு அணி அறிவிக்கப்பட்டதும், தொடர்ந்து ஆட்டம் பார்க்கிறவர்களின் கண் நேராகப் பட்டியலின் அடிப்பகுதிக்குத்தான் போகும். முதல் பதினைந்து பேரில் முக்கால்வாசிப் பேரை எப்படியும் முன்கூட்டியே ஊகித்திருப்பார்கள். 16 முதல் 23 வரை வரும் எட்டு மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பார்த்தால்தான் பயிற்சியாளர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியும். அந்த எட்டில் எத்தனை ஃபார்வர்டு (முன்னால் நின்று முட்டித் தள்ளுபவர்), எத்தனை பேக் (பின்னால் நின்று ஓடியும் உதைத்தும் ஆடுபவர்)? முன்பெல்லாம் பெரும்பாலான அணிகள் அதிகம் யோசிக்காமல் 5-3, அதாவது ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக் என்று எழுதிவிடும். இன்று 6-2 சாதாரணமாகிவிட்டது. 7-1 என்பதையும் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலேயே பார்த்துவிட்டோம்.

மூன்றில் எது சரி? எனக்கென்று ஒரு கட்சி உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், தேர்வே இல்லாத இடங்களை ஒதுக்கிவிடுவோம்.

எட்டுப் பேரில் மூன்று பேர் முன்வரிசைக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும்: ஸ்க்ரம்மின் (இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோர்த்துப் பந்துக்காகத் தள்ளுவது) இரு பக்கத்துக்கும் ஆளுக்கொரு ப்ராப், நடுவில் ஒரு ஹூக்கர். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து. பயிற்சி பெற்றவர் தீர்ந்துபோனால் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம்தான். அதற்குத் தண்டனையும் உண்டு. 2022 பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலிக்கு நடந்தது நினைவிருக்கலாம். முதல் ஹூக்கர் காயத்தில் வெளியேறினார், மாற்று ஹூக்கர் சிவப்பு அட்டை வாங்கினார். விதிப்படி இன்னொரு ஆளையும் இழந்து, மீதி ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பதின்மூன்று பேரோடு ஆடி 57-6 என்று தோற்றார்கள். ஆக, மூன்று இடம் போய்விட்டது. வழக்கெல்லாம் மீதி ஐந்து இடத்தைப் பற்றித்தான்.

அந்த ஐந்தையும் நிரப்பும் முன் பயிற்சியாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெஞ்ச் எதற்கு இருக்கிறது? யாருக்காவது அடிபட்டால் இட்டு நிரப்பவா, அல்லது ஐம்பதாவது நிமிடத்தில் எதிராளியை உடைக்கவா?

இட்டு நிரப்பத்தான் என்றால் 5-3 மாதிரி நிம்மதி வேறில்லை. ஒரு லாக் (ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசைக்காரர்), ஒரு பின்வரிசைக்காரர், அப்புறம் ஒரு ஸ்க்ரம்-ஹாஃப் (ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்), ஒரு ஃப்ளை-ஹாஃப் (அதை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்), வெளியே ஓடுகிற ஒருவர். ஏறக்குறைய எந்த இடத்தில் யார் விழுந்தாலும் அந்த வேலை தெரிந்த ஆள் எழுந்து வருவார். இதை ஏதோ பயந்தாங்கொள்ளிக் கணக்கு என்று இப்போது சிலர் இளக்காரமாகப் பேசுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு 2023 உலகக் கோப்பையை நினைவுபடுத்த வேண்டும். தென்னாப்பிரிக்கா என்றாலே ஃபார்வர்டு நிறைந்த பெஞ்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பிரான்ஸை 29-28 என்று வென்ற காலிறுதிக்கும், இங்கிலாந்தை 16-15 என்று வென்ற அரையிறுதிக்கும் பயிற்சியாளர்கள் ராஸி எராஸ்மஸும் ஜாக் நீனாபரும் அனுப்பியது 5-3 பெஞ்சைத்தான்.

அந்த அரையிறுதியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மழை. இங்கிலாந்து பந்தை மேலே உதைத்து உதைத்தே தென்னாப்பிரிக்காவை நெருக்கியது. மானி லிபோக் அழகாக ஆடக்கூடிய ஃப்ளை-ஹாஃப், பந்தை விரித்துக் கொடுப்பவர். அன்றைய வானிலைக்கு அந்தக் கை ஒத்துவரவில்லை. 31வது நிமிடத்திலேயே அவரை வெளியே எடுத்து ஹாண்ட்ரே பொல்லார்டை இறக்கினார்கள். ஸ்கோர் 15-6 வரை போனது. 69வது நிமிடத்தில் மாற்று லாக் ஆர்.ஜி. ஸ்னைமன் டிரை போட்டார், அதாவது எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தார். மாற்று ப்ராப் ஆக்ஸ் என்சே ஸ்க்ரம்மில் எதிரே இருந்தவரை மடக்கினார், பெனால்டி கிடைத்தது. ஏறத்தாழ நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பொல்லார்டு உதைத்து முடித்தார். டிரை, ஸ்க்ரம், உதை மூன்றுமே பெஞ்சிலிருந்து வந்தவை. இத்தனைக்கும் அது 5-3. பெஞ்சில் 7-1 இருந்திருந்தால் பொல்லார்டு அன்று ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்திருப்பார்.

இதற்கு நேர் எதிரான சாட்சி அதே தொடரில் ஒரு மாதத்துக்கு முன் கிடைத்தது. செப்டம்பர் 23 அன்று பாரிஸில் அயர்லாந்தோடு மோதியபோது தென்னாப்பிரிக்கா 7-1 வைத்திருந்தது. லிபோக்கும் ஃபாஃப் டி க்ளெர்க்கும் மாறி மாறி கோல் உதைகளைத் தவறவிட்டார்கள். உதையை நம்பிக் கொடுக்க பெஞ்சில் வேறு ஃப்ளை-ஹாஃப் கிடையாது. 13-8 என்று தோற்றார்கள். ஃபார்வர்டு எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. பேக் ஒருவரைக் குறைக்கும்போது, அநேகமாக நீங்கள் குறைப்பது இரண்டாவது கோல் உதைப்பவரை.

சரி, 6-2க்கு வருவோம்.

இதைப் புகழ்பெறச் செய்ததும் தென்னாப்பிரிக்காதான், 2019 ஜப்பான் உலகக் கோப்பையில். 'பாம் ஸ்குவாட்', அதாவது குண்டுப் படை என்று அந்த ஆறு பேருக்குப் பெயரே வந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாம் பாதியில் புதுத் தெம்போடு பெரிய உடம்புகள் வருகின்றன, அவ்வளவுதான். உள்ளே நடப்பது அதைவிட நுட்பமானது. முதலில் இறங்கும் ப்ராப்புக்கு, தான் எண்பது நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டியதில்லை, நாற்பத்தைந்து போதும் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் அவர் எதையும் மிச்சம் வைக்காமல் ஆடுவார். பெஞ்ச் இரண்டாம் பாதியில்தான் இறங்குகிறது, ஆனால் முதல் பாதியின் வேகத்தையே மாற்றிவிடுகிறது. யோகோஹாமா இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் கைல் சிங்க்லர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேற, அனுபவசாலியான டான் கோல் மீதி ஆட்டம் முழுக்க ஸ்க்ரம்மைச் சுமக்க வேண்டியதாயிற்று. எதிரே தென்னாப்பிரிக்காவோ முன்வரிசையை மாற்றி மாற்றி இறக்கியது. பெனால்டிகள் மளமளவென்று வந்தன, பொல்லார்டு மட்டும் 22 புள்ளிகள். 32-12.

இன்னொன்றும் உண்டு. அன்று தென்னாப்பிரிக்காவும் ஹூக்கர் போங்கி ம்போனாம்பியையும் லாக் லூட் டி யாகரையும் முதல் பாதியிலேயே காயத்தில் இழந்தது. இருவரும் போனது தெரியாத அளவுக்கு மால்கம் மார்க்ஸும் ஃபிராங்கோ மோஸ்டர்ட்டும் உள்ளே வந்தார்கள். ஆக 6-2 பெஞ்ச் ஆயுதமாகவும் உதவியது, அடிபட்ட இடத்தை நிரப்பவும் உதவியது. அடிபட்டவர்கள் ஃபார்வர்டுகளாக இருந்த வரையில்.

பேக்குகள் அடிபட்டால்? 2024 மார்ச்சில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்து பார்த்தது அதைத்தான். அவர்களுடையதும் 6-2. விங்கில், அதாவது ஓரத்தில் ஆடிய கால்வின் நாஷ் ஆரம்பத்திலேயே தலையில் அடிபட்டுப் போனார். கியரன் ஃப்ராலி வந்தார். இரண்டாம் பாதியில் ஃப்ராலியும் போக, பெஞ்சில் மிச்சமிருந்த பேக் ஸ்க்ரம்-ஹாஃப் கோனர் மரே ஒருவர்தான். அவர் உள்ளே வர, அணியின் வேகத்துக்கே ஆதாரமான ஜேமிசன் கிப்சன்-பார்க் விங்குக்கு நகர்ந்தார். இங்கிலாந்தின் மார்கஸ் ஸ்மித் கடைசி நேரத்தில் அடித்த டிராப் கோலில் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் கோல்) 23-22 என்று ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. பெஞ்ச் பிரித்த முறைதான் தோற்கடித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்து அன்று நன்றாகவே ஆடியது. ஆனால் விரைந்து பந்தெடுத்து, கட்டம் கட்டமாக முன்னேறும் ஓர் அணி தன் ஸ்க்ரம்-ஹாஃபையே ஓரத்துக்கு அனுப்ப நேர்வது, தேரின் அச்சாணியைக் கழற்றி வேறு இடத்தில் செருகுவது மாதிரி.

இந்த இடத்தில்தான் ஆட்டப் பாணி குறுக்கே வருகிறது. பெஞ்சுக்கு விடை தேடுமுன் பாணிக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் ஆண்டி ஃபாரெல் வளர்த்த அயர்லாந்துக்குப் பந்து கையில் இருக்க வேண்டும். குறுகிய பாஸ்கள், ஏமாற்று ஓட்டங்கள், ஒருவர் பாஸ் கொடுத்துவிட்டுச் சுற்றிவந்து மறுபடி வாங்குவது. இதெல்லாம் மனப்பாடமாக வர, அவர்கள் அணியில் பாதிக்கு மேல் ஒரே மாகாண அணியான லென்ஸ்டரில் சேர்ந்து ஆடுகிறவர்களாக இருப்பது பெரிய உதவி. 2023 காலிறுதியின் முடிவில் நியூசிலாந்துக்கு எதிராக 37 கட்டங்கள் பந்தை விடாமல் வைத்திருந்தார்கள். கடைசியில் சாம் வைட்லாக் பந்தைப் பிடுங்க, 28-24 என்று தோற்று, 17 வெற்றிகளின் தொடரும் முடிந்தது. அன்று ஃப்ளை-ஹாஃப் ஜானி செக்ஸ்டனுக்கு வயது 38. இப்படி ஆடும் அணியில் பேக்குகளும் ஃபார்வர்டுகள் அளவுக்கே ஓடித் தேய்கிறார்கள், ஒவ்வொரு பாஸும் இன்னொருவரின் நேரத்தை நம்பியிருக்கிறது. அங்கே ஒரு பேக்கை இடம் மாற்றினால் முழு வலையும் தளரும். அவர்களுக்கு 5-3 பொருத்தமானது என்றே நினைக்கிறேன், அவர்கள் என்னிடம் கேட்காவிட்டாலும்.

பந்தை எதிராளியிடம் உதைத்துக் கொடுத்துவிட்டு, அவன் தடுமாறுமிடத்தில் நெரிக்கும் அணிக்குக் கணக்கு வேறு. ஸ்க்ரம், மால் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றி நின்றபடியே கூட்டமாகத் தள்ளுவது), தடுப்பாட்டம், மறுபடி ஸ்க்ரம். பாரம் முழுக்க முன்னால் எட்டுப் பேர் முதுகில். பிரான்ஸுக்கு எதிரான 2023 காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸ உயரப் பந்தைப் பிடித்து 'மார்க்', அதாவது அந்த இடத்திலிருந்து ஃப்ரீ கிக் கேட்டார். எல்லோரும் தூர உதைப்பார் என்று பார்க்க, அவர் கைகாட்டி ஸ்க்ரம் கேட்டார். சொந்தப் பகுதிக்குள் வலிய ஸ்க்ரம் கேட்கும் அணி, பெஞ்சிலும் ஸ்க்ரம்முக்கு ஆள் நிரப்புவது இயல்பு. (2024 ஜூலை முதல் ஃப்ரீ கிக்குக்குப் பதில் ஸ்க்ரம் கேட்க முடியாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். இனி அந்தக் காட்சியைப் பழைய பதிவில்தான் பார்க்க முடியும்.)

இப்போது 7-1. இதில்தான் அதிகம் பேச இருக்கிறது.

அது பிறந்த கதையே பாதி விபத்து. 2023 ஆகஸ்ட் 25 அன்று ட்விக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்தோடு உலகக் கோப்பைக்கு முந்தைய ஆட்டம். பெஞ்சில் இருந்த ஃபுல்பேக் (எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்) வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலக, அவருக்குப் பதில் இன்னொரு பேக்கைப் போடாமல் ஃபிளாங்கர் (பின்வரிசை ஃபார்வர்டு) க்வாகா ஸ்மித்தைப் போட்டார்கள். 35-7. அதுவரை நியூசிலாந்து அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. ஸ்காட் பாரெட் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டையில் வெளியேறியிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டு, ஏழு ஃபார்வர்டுதான் மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மந்திரம் ஏழில் இல்லை, க்வாகா ஸ்மித்தில் இருந்தது. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் வளர்ந்தவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தவர். ஃபிளாங்கராக இருந்தாலும், அவசரத்துக்கு விங்கில் நிறுத்தினால் வெட்கப்பட வைக்க மாட்டார். முதல் பதினைந்திலும் அப்படித்தான்: வில்லெம்ஸ ஃபுல்பேக், ஃப்ளை-ஹாஃப், சென்டர் மூன்றிலும் ஆடுவார். செஸ்லின் கோல்பி தேவைப்பட்டால் ஸ்க்ரம்-ஹாஃப் வேலையும் பார்ப்பார். ஆக 7-1 என்பதைப் பெஞ்சில் எழுதினாலும், அது முடிவாவது முதல் பதினைந்தில். ஒருவர் இரண்டு வேலை தெரிந்தவராக இருக்கிற ஏழு பேக்குகள் உங்களிடம் இருந்தால்தான் எட்டாவது பேக் ஒருவரே போதும்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்திலும் 7-1. பொல்லார்டும் டி க்ளெர்க்கும் முதலிலேயே இறங்க, பெஞ்சில் லெ ரூ மட்டும். மாற்று ஸ்க்ரம்-ஹாஃபே கிடையாது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் முழங்கால் போய் ம்போனாம்பி வெளியேறினார். ஏழு ஃபார்வர்டுகள் உட்கார்ந்திருக்கிறார்களே, கவலை என்ன என்று தோன்றும். ஆனால் அந்த ஏழில் ஹூக்கர் ஒருவர்தான்: 37 வயது டியான் ஃபூரி, பெரும்பாலும் ஃபிளாங்கராக ஆடியவர். ஏறக்குறைய முழு ஆட்டமும் அவர் தோளில் விழுந்தது. ஹூக்கர் ஓரத்திலிருந்து பந்தை எறியும் லைன்அவுட் தடுமாறியது. அவருக்கும் அடிபட்டிருந்தால் அவ்வளவுதான். தொடரின் நடுவே ஹூக்கர் மார்க்ஸ் காயப்பட்டுப் போனபோது, அவர் இடத்துக்கு ஹூக்கரைக் கூப்பிடாமல் ஃப்ளை-ஹாஃப் பொல்லார்டைக் கூப்பிட்ட முடிவின் விலை அது. ஆனால் அதே பொல்லார்டுதான் அன்று 12 புள்ளிகளையும் உதைத்தார், நியூசிலாந்து 11இல் நின்றது. சாம் கேன் சிவப்பு அட்டையில் போக, பதினான்கு பேரோடு ஆடிய அணி அது. ரிச்சி மொவுங்காவும் ஜோர்டி பாரெட்டும் ஆளுக்கோர் உதையைத் தவறவிட்டார்கள். இதில் எந்தப் பங்கு பெஞ்சுடையது, எந்தப் பங்கு அதிர்ஷ்டத்துடையது என்று பிரிக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

7-1க்கு இதைவிடத் தெளிவான வெற்றி பிரான்ஸுடையது. 2025 மார்ச் 8, டப்ளின். பயிற்சியாளர் ஃபாபியான் கால்தியே பெஞ்சில் ஒரே பேக்காக ஸ்க்ரம்-ஹாஃப் மாக்ஸிம் லுக்குவை வைத்திருந்தார். அரை மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை, உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் அந்துவான் டியூபோன் முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார். லுக்கு வந்தாயிற்று, பேக் தீர்ந்தாயிற்று. பிறகு சென்டர் பியர்-லூயி பராஸியும் போனார். இப்போது ஃபிளாங்கர் ஒஸ்கார் ஜெகூ சென்டரில் நிற்கிறார். இது அயர்லாந்துக்கு நல்வாய்ப்பாக முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. புதிய ஃபார்வர்டுகள் ஒன்றாக இறங்கியதும் அயர்லாந்தின் முன்னணி பின்னால் நகரத் தொடங்கியது. பந்தே கிடைக்காதவர்களுக்கு எதிரே சென்டரில் நிற்பது ஃபிளாங்கரா வேறு யாரா என்பதெல்லாம் பொருட்டே இல்லாமல் போயிற்று. 42-27. ஐரோப்பாவின் ஆறு அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் பட்டமும் பிரான்ஸுக்கே.

இதைப் பார்த்துவிட்டு 7-1 பக்கம் சாய ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த அறுபதாவது நிமிடத்தை இன்னொரு மாதிரி கற்பனை செய்து பாருங்கள். ஸ்கோர் சமம், எதிரணியிடம் மூன்று புதிய பேக்குகள், உங்கள் விங்குகளின் கால்கள் தேய்ந்துவிட்டன. உயரப் பந்துக்குப் போகிறவரை மறைத்து ஓடும் பழக்கத்தை 2024 இலையுதிர்கால டெஸ்டுகளிலிருந்து நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். அதனால் வானில் பந்துக்குத் தாவும் போட்டி கூடியிருக்கிறது. தாவுவது விங்கும் ஃபுல்பேக்கும், தலைகுப்புற விழுவதும் அவர்களே. தலையில் அடிபட்டது என்று சந்தேகம் வந்தால் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நிமிடம் தற்காலிக மாற்று வேண்டும். 2025இல் சிக்ஸ் நேஷன்ஸுக்கும் இருபது நிமிடச் சிவப்பு அட்டை வேறு வந்துவிட்டது. அட்டை வாங்கிய பேக்குக்குப் பதில் இருபது நிமிடம் கழித்து ஆள் இறக்கலாம், இறக்க பேக் இருந்தால். விதிகள் மெல்ல மெல்லப் பேக்குகளின் வேலையைக் கூட்டிக்கொண்டே போகின்றன. புத்தம்புது ராட்சதர்களைக் களைத்தவர்கள் மீது இறக்குவது ஆபத்தில்லையா என்ற விவாதமும் ஓயவில்லை. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை.

ஆக, ஒரு டெஸ்டுக்கு அணியெடுக்கும் பொறுப்பு என் கையில் இருந்தால் 6-2 எழுதுவேன். நிபந்தனை ஒன்று உண்டு. இரண்டு பேக்கில் ஒருவர் ஸ்க்ரம்-ஹாஃப். மற்றவர் ஃப்ளை-ஹாஃபாகவும் ஃபுல்பேக்காகவும் ஆடத் தெரிந்தவராக, கோலுக்கு உதைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆறாவது ஃபார்வர்டும் வெறும் பாரமாக இல்லாமல், அவசரத்துக்கு வெளியே நிற்கக்கூடிய கால் உள்ளவராக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா இப்போது இதை மறுபக்கத்திலிருந்து முயல்கிறது: சென்டரான ஆந்த்ரே எஸ்டர்ஹெய்சனை 2025 முதல் ஃபிளாங்கராகவும் பழக்கி இறக்குகிறார்கள். தாக்குதல் பயிற்சியாளராக டோனி பிரவுன் வந்தபின் அவர்கள் தாக்குதல் விரிந்துகொண்டிருக்கும் காலத்தில் இது தற்செயல் இல்லை. இரண்டு பெட்டிக்கும் பொருந்தும் ஓர் ஆள் கிடைத்தால், 6-2ஆ 5-3ஆ என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும்.

7-1ஐ இரண்டு நிபந்தனை சேர்ந்து வந்தால்தான் தொடுவேன். ஒரே ஓர் ஆட்டம், தோற்றால் வீடு என்ற நிலை. கூடவே எதிரணியின் ஸ்க்ரம் இரண்டாம் பாதியில் தளரும் என்று கையில் ஆதாரம். அதிலும் முதல் ஃப்ளை-ஹாஃபின் உதையில் சந்தேகம் இருந்தால் கிட்டேயே போக மாட்டேன். இதெல்லாம் இல்லாமல், அவர்கள் செய்தார்கள் நாமும் செய்வோம் என்று கிளம்பினால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

பட்டியலை நான் எழுதினால் 23இலிருந்து மேல்நோக்கி எழுதுவேன். அந்த எண்ணுக்கு இரண்டு இடத்திலும் ஆடி, மழையிலும் உதைக்கக்கூடிய ஒரு பெயர் உடனே வந்தால் 6-2. யோசித்து யோசித்து இரண்டு பெயர்கள் வந்தால், இரண்டையும் எழுதிவிட்டு, ஆறாவது ஃபார்வர்டிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன்.